சிதம்பரத்துக்குப் போன ரஜாய்

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், மடியில் ஒரு பெரிய துணி மூட்டையை அணைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளே, பார்த்தீர்களா? மூட்டையைத் தூக்கி மேலே போடச் சொன்ன கண்டக்டரை முறைத்தாளே... நான்தான்!

"ஏம்மா, அது இன்னா கொழந்தையா? மடியிலயே வச்சிருக்கீங்க?" என்றார் கண்டக்டர்.

"அப்படித்தான் வச்சுக்கோங்க" என்றேன். பஸ் முழுவதும் சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பனி இன்னும் விலகவில்லை. வயல், வரப்பு, தென்னை எல்லாம் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நகர்ந்துகொண்டிருந்தன. கனவு காண்பதற்கென்றே செய்து வைத்த காலை அது. நானும் கண்டேன். ஒரு மாதமாக வேறு என்ன வேலை எனக்கு?

மூட்டைக்குள் இருந்தது ஒரு ரஜாய். வண்ண வண்ணத் துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் இலவம்பஞ்சு பரப்பி, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி நானே தைத்த போர்வை.

பழைய வாசகர்களுக்கு என் வியாதி தெரியும். நவம்பர் பிறந்தால் போதும், கத்தரியும் மைதாப் பசையும் கையுமாகத் திரிவேன். மூங்கில் குச்சியைச் சீவிக் கண்ணாடித்தாள் ஒட்டி நட்சத்திரம் செய்வேன். ஏசு பிறந்த மாட்டுத் தொழுவக் குடிலில் புல்லாக வைக்கத் தட்டில் கேழ்வரகு முளைக்கப் போடுவேன். உறவுக்காரர்களுக்கெல்லாம் என் கையாலேயே ஏதாவது பரிசு! வாங்கிக்கொள்பவர்கள் பாடுதான் கஷ்டம். சித்தப்பாவுக்கு ஒரு வருஷம் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். "ஊட்டிக்குப் போறப்ப போட்டுக்குறேம்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷர். இன்னும் ஊட்டிக்குப் போகவில்லை.

இந்த வருஷத்து ரஜாய் என் தங்கை லில்லிக்கு. (நான் ரோஸ், அவள் லில்லி. அம்மா ஆசைப்பட்டு வைத்த பெயர்கள். மற்றபடி எங்கள் வீட்டில் ஒரு பூச்செடி கிடையாது.) அம்மா காலமாகி வெகு நாளாகிறது. வீட்டில் இப்போது அப்பாவும் நானும்தான். அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் ஆபீஸில் டைப் அடிக்கிறேன், மிச்ச நேரத்தில் கதை எழுதி உங்களைப் படுத்துகிறேன்.

லில்லி இரண்டு வருஷத்துக்கு முன்பு சிதம்பரத்தில் ரைஸ் மில் கணக்கராக இருக்கும் ராமலிங்கத்தை ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எங்கள் மாதா கோயில்காரர் இல்லை. அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை, சாபம் கொடுக்கவில்லை. அவள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

தீபாவளி சமயத்தில் ராமலிங்கம் மில் வேலையாகக் கடலூர் வந்தவர், என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். கையில் தொப்பலாக நனைந்த குடை. அதை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"அக்கா, லில்லிக்கு மாசம் நெருங்குது. தலைப்பிரசவம். யாராவது கூப்பிட வருவாங்கன்னு தெனம் வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு. வாயத் தொறந்து கேக்க மாட்டேங்குது. எங்க அம்மா நல்லாத்தான் பாத்துக்குறாங்க... இருந்தாலும் ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாமல் என்ன? தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துக்கொண்டு போகாத பெண்ணை ஊரே ஒரு மாதிரி பார்க்கும். ஊர் கிடக்கட்டும், அந்தப் பெண்ணே தன்னை ஒரு மாதிரி பார்த்துக்கொள்வாள்.

அன்றைக்குச் சாயந்திரமே அப்பாவிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"போன எடத்துலயே ஆவட்டும்" என்றார்.

அப்பாவை அசைக்க முடியாது. பிரசவத்துக்கு அழைக்க எனக்கு அதிகாரம் இல்லை. கிறிஸ்துமஸ் பரிசு கொடுக்க யார் கேட்பார்கள்? தாய்வீட்டையே சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அவள் மேல் போர்த்திவிட்டால் என்ன? இப்படித்தான் ரஜாய் பிறந்தது.

ரஜாய் தைக்க எனக்குத் துணை நின்றவர் பக்கத்து வீட்டுக் கமருன்னிசா அக்கா. வீட்டுக்காரர் பினாங்கில் இருக்கிறார். அக்காவிடம் கையால் சுற்றும் தையல் மிஷின் ஒன்று உண்டு. நான் முதலில் அப்பாவின் பழைய சட்டை, என் பழைய புடவை என்று வெட்டித் தைக்கலாம் என்றுதான் போனேன். அக்கா பதறிவிட்டார்.

"நல்லாக் கெடுத்தே போ! கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பழந்துணியா? அந்த வூட்டு மனுசங்க இன்னா பேசுவாங்க? ஏற்கெனவே பேச எடம் தேடிக்கிட்டு இருப்பாங்க. புதுசு போடு ரோசு, எல்லாம் புதுசு போடு."

"குழந்தைக்கும் ஆகுமே அக்கா, சின்னதாகத் தைக்கட்டுமா?"

"அல்லாவே! பொறக்காத புள்ளைக்கு முன்கூட்டியே ஒண்ணும் தைக்கக் கூடாது. எங்கள்லயும் கெடையாது, ஒங்கள்லயும் கெடையாது. தங்கச்சிக்குன்னு பெருசாத் தை."

ஆகவே பெரிசாக, எல்லாம் புதிசாக. மஞ்சக்குப்பம் கடைகளில் கட்பீஸ் பொறுக்கினேன். விறைப்பான, பளபளப்பான, கஞ்சி வாசம் மாறாத துணிகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தைப்போம். கடல் காற்று உள்ளே வரும். பஞ்சு எழும்பிப் பறக்கும். அக்கா தலையெல்லாம் பஞ்சு, என் புருவமெல்லாம் பஞ்சு. மிஷின் சத்தத்தில் பேச்சு நின்றுபோகும். பேச்சு நின்றால் எனக்குக் கனவு வந்துவிடும்.

லில்லி மூட்டையைப் பிரிக்கிறாள்... ரஜாயை உதறி விரிக்கிறாள்... கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள்... "அக்கா, இந்த நீலம் நம்ம தேவனாம்பட்டினம் கடல் இல்லே?" என்கிறாள். "இந்த மஞ்சள் அம்மாவோட பண்டிகைப் புடவை மாதிரியே இருக்கே!" என்கிறாள். அழுகிறாள். நானும் அழுகிறேன். மாமியார் வாசல்படியில் நின்று, "தாய்வூடுன்னா இதுதான்யா தாய்வூடு" என்கிறார்...

"ரோசு, வெரலு!" என்று அக்கா கத்துவார். ஊசி ஏறியிருக்கும்.

உங்களைத்தான் கேட்கிறேன். கையால் ஒரு பரிசு செய்யும்போது நாம் யாரை நினைத்துச் செய்கிறோம்? வாங்கப் போகிறவரையா? அவர் நம்மை எப்படிப் புகழப் போகிறார் என்பதையா? எனக்கு அந்த ஒரு மாதமும் இரண்டாவதுதான் ஜாஸ்தி ஓடியது.

கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரஜாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பழைய பேப்பர் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு வேட்டி.

"பேப்பர் பனியில நனைஞ்சு கிழிஞ்சுடும். இதுல கட்டு."

"என்னப்பா இது, நீங்கள் பூசைக்குக் கட்டுகிற வேட்டி ஆயிற்றே?"

"மெலிஞ்சு போச்சு. இனிமே கட்ட ஆவாது" என்றவர், மூட்டையைத் தானே கட்டினார். ரயில்வே பார்சல் கட்டின கை. நாலு மூலையையும் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, எங்கே போகிறேன் என்றுகூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

இதோ, பஸ் சிதம்பரம் வந்துவிட்டது. கூட்டத்தில் இடிபட்டு இறங்கி, மூட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவைக் கேட்டு விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். ராமலிங்கம் வாசலிலேயே ஓடி வந்தார்.

"அக்கா! இன்னைக்குத்தான் ஒங்களுக்கு ஆளனுப்பலாம்னு இருந்தேன். முந்தாநேத்தே பொறந்துடுச்சிக்கா. பையன். கொஞ்சம் முன்கூட்டியே வந்துட்டான். ரெண்டு பேரும் சௌக்கியம்."

எனக்குக் கால் ஓடவில்லை. பிறகு ஓடியது.

உள் அறையில் லில்லி படுத்திருந்தாள். வெளுத்துப் போயிருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றி... சிவப்பாக, சுருங்கி, கண்ணை மூடிக்கொண்டு, யாரோடோ கோபம் மாதிரி ஒரு முகம். சந்தேகமே இல்லை, அப்பாவேதான்!

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அந்த அளவுக்குக் கனவு பலித்தது என்று வையுங்கள். அப்புறம் நான் ஒரு மாதமாகக் காத்திருந்த கட்டம். மூட்டையை அவிழ்த்தேன். ரஜாயை உதறி விரித்தேன். அறையே பளிச்சென்று ஆயிற்று.

"நல்லா இருக்குதுக்கா" என்றாள் லில்லி. அவள் கண் ரஜாயில் இல்லை.

மாமியார் வந்து ஒரு மூலையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த மாமியார். கீரப்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம், கணீரென்ற குரல். "ரொம்ப அழகாத் தச்சிருக்கீங்கம்மா. புதுசாச்சே, கொழந்தைக்கு ஒறுத்தும். இப்ப இத லில்லி முதுகுக்கு அண்டக் குடுப்போம், சாஞ்சுக்கட்டும்" என்று சொல்லி, ரஜாயை மடித்து, சுருட்டி, லில்லிக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவிட்டார்.

கடல் நீலம், பண்டிகை மஞ்சள், ஊசி குத்திய விரல்... எல்லாம் முதுகுக்குப் பின்னால்!

லில்லி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில், நான் அவிழ்த்துப் போட்ட வேட்டி கிடந்தது.

"அக்கா, அத இப்படிக் குடு."

கொடுத்தேன். முகத்தில் வைத்துக்கொண்டாள். வெகு நேரம் முகத்தை விட்டு எடுக்கவில்லை.

"அப்பா வேட்டி" என்றாள். "அப்பாவா குடுத்தாங்க?"

"மூட்டை கட்டத்தான் கொடுத்தார்" என்றேன், ஒன்றும் புரியாமல். "பழசு, மெலிந்து போயிற்று என்றார்."

லில்லி அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். "மண்டு அக்கா! பொறந்த கொழந்தைக்குப் பழந்துணிதானே போடணும்? தொவைச்சுத் தொவைச்சு மெலிஞ்ச வேட்டியிலதானே போட்டு வைப்பாங்க? இந்த வூட்டு வேட்டியில ரெண்டு நாளாப் படுத்திருக்கான். தாய்வூட்டுத் துணி ஒண்ணு வரலியேன்னு..." 

மாமியார் வேட்டியை வாங்கி, பல்லால் கடித்து, சர்ரென்று குறுக்கே கிழித்தார். ஒரு பாதியில் என் தங்கை மகனைச் சுற்றினார். அவன் ஒரு தடவை நெளிந்தான். அப்புறம் அந்தக் கோபத்தை விட்டுவிட்டுத் தூங்கிவிட்டான்.

பிள்ளை பெறாதவள், இந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. சரி, போகட்டும். கடலூரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது!

திரும்பி வரும்போது பஸ்ஸில் மடி காலியாக இருந்தது. வெயில் தாழ்ந்து, வயல் தண்ணீரெல்லாம் பொன் நிறமாக மின்னியது. நான் ஒரு கனவும் காணவில்லை. காணத் தோன்றவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்தேன். அப்பா ஈஸிசேரில் இருந்தார்.

"பஸ் டயத்துக்கு வந்துதா?"

"வந்துதுப்பா."

"வேட்டி எங்க?"

"அங்கேயே இருக்கிறதுப்பா. உங்கள் பேரன் கட்டிக்கொண்டிருக்கிறான்."

அப்பா எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று மறந்தவர் போலச் சற்று நின்றார். பிறகு நேரே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கிறிஸ்துமஸுக்கென்று எடுத்து வைத்திருந்த புது வேட்டி, மடிப்புக்கூடக் கலையாதது, அதை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். தண்ணீர் சேந்தும் சத்தம் கேட்டது. அப்புறம் துவைகல்லில் அடிக்கும் சத்தம். எங்கள் அப்பா கைக்குட்டை துவைத்துக்கூட நான் பார்த்ததில்லை!

ஓடிப் போய்ப் பார்த்தேன். புது வேட்டியை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்ன செய்கிறீர்கள்? அது பண்டிகைக்குக் கட்ட வேண்டிய வேட்டி!"

"ஒனக்கு இன்னா தெரியும்? கொழந்தைக்கு ஒரு வேட்டி எந்த மூலைக்குப் போதும்? நீ பொறந்தப்ப எத்தினி வேட்டியக் கிழிச்சேன், லில்லி பொறந்தப்ப எத்தினி வேட்டியக் கிழிச்சேன்..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வந்துவிட்டது. அவருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.

"எப்ப அழைச்சிக்கிட்டு வரலாமாம்?" என்றார், முகத்தைக் காட்டாமல்.

"தொட்டில் போட்ட பிறகு வந்து அழைத்துக்கொண்டு போங்கள் என்று அவள் மாமியார் சொன்னார்."

அப்பா வேட்டியைப் பிழிந்து, உதறி, விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அதுக்குள்ள இது மெலிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் தண்ணீரில் முக்கினார்.

மறுநாளும் துவைத்தார். அதற்கு மறுநாளும் துவைத்தார். மார்கழிப் பனியில் ஒரு துணி காய எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் முன் பெஞ்சியில் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, யார் அவர் என்று கடலூர் வாசகி ஒருவர் கேட்கிறார்.

என் அப்பாதான், அம்மா!