காலிக் காருக்கும் ஒரு கும்பிடு

குடியரசு தினத்தன்று காலையில் கொக்கிரகுளம் ஆற்றுப்பாலத்தில் போலீஸ்காரர் கயிறு பிடித்து எங்களை நிறுத்திவிட்டார். அமைச்சர் ஒருவர் விழாவுக்கு வருகிறாராம்.

என் பக்கத்தில் நின்றவர் ஆறடி உயரம். அகன்ற மார்பு, முறுக்கிய மீசை, சட்டைப் பையில் குத்திய சின்னக் கொடி. அந்தக் கம்பீரமெல்லாம் முதல் கார் வரும்வரைதான். கண்ணாடி ஏற்றியிருந்த ஒவ்வொரு காருக்கும் இடுப்பு ஒடிய வளைந்து கும்பிட்டார். அவரோடு கொடியும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. கடைசிக் காரில் டிரைவரைத் தவிர ஒருவருமில்லை. அதற்கும் ஒரு கும்பிடு!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆளே இல்லாத காருக்கு எதுக்கு அண்ணாச்சி கும்பிடுதிய?"

"பொறவு யாராவது ஏறுவாங்கல்லா?"

"ராசா காலம் போயாச்சு. நாம ஓட்டுப் போட்டு உக்கார வச்ச ஆளுதான அவரு?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதனாலதாம்வே கும்பிடணும். நம்ம கையில இருந்தது அந்த ஒரு ஓட்டு. அதையும் அவருகிட்ட குடுத்தாச்சு. இனி கும்பிடுதத விட்டா நம்மகிட்ட என்ன இருக்கு?"

குடியரசுக்கு இப்படியொரு விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. திட்டுவதற்கு வாயெடுத்தேன். அதற்குள் போலீஸ்காரர் கயிற்றை விட்டுவிட்டார். எங்கள் ஊர்ப் பாலத்தில் எங்களை நடக்கவிட்டதற்காக அவரையும் ஒருமுறை குனிந்து கும்பிட்டுவிட்டுத்தான் மீசைக்காரர் நகர்ந்தார்.