ஆண்டே என்று எழுதினேன்

மன்னார்குடிக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. இடைக்கால இத்தாலியக் கவிஞர் ஒருவரின் காதல் கவிதையைத் தமிழில் பெயர்த்து, அதன் பின்னணியோடு வகுப்பில் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பண்ணையில் கூலி வேலை செய்கிறவர் என்பதை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை.

கவிதையில் அவர் காதலையே ஓர் ஆளாக நினைத்து 'லார்ட்' என்று கூப்பிடுகிறார். தலைவா, இறைவா என்று எழுதி எழுதி அடித்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. புத்தகத்தின் பின்குறிப்பில் விடை இருந்தது. அந்தக் காலத்தில் நிலம் பெறுகிறவன் பிரபுவின் முன் மண்டியிட்டு, கூப்பிய கைகளை அவர் கைகளுக்குள் வைத்து, நான் உங்கள் ஆள் என்று சத்தியம் செய்வானாம். கவிஞர் அந்தப் பணிவை எடுத்துக் காதலுக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அந்தச் சொல் தெரியும்; எங்கள் தெருவில் பண்ணைக்காரரைக் கூப்பிட்ட சொல். 'ஆண்டே' என்று எழுதினேன்.

வீட்டில் நடந்துகொண்டே சத்தமாகப் படித்துப் பார்த்தேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"என்ன சொன்ன?"

விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்த பிறகு அவர் அந்தச் சொல்லை விட்டிருந்தார். பண்ணைக்காரரை அப்படிக் கூப்பிடாமல் 'ஐயா' என்றதற்காக அந்த வருடக் குறுவைச் சாகுபடி முழுக்க அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

"பாட்டுலப்பா. காதலத்தான் அப்படிக் கூப்பிடுறாரு."

"அவனும் கூலிக்காரனா?"

"இல்லப்பா. வசதியான வீட்டுப் பிள்ளை."

"அதான பாத்தேன்," என்று சிரித்தார். "சொல்லுடான்னு அவன யாரும் அடிக்கலல்ல, வெளையாடுறான்." சிரிப்பு சட்டென்று நின்றது. "நீ அத எங் காதுல விழச் சொல்லாத."

மறுநாள் பேருந்தில் அந்தச் சொல்லை அடித்தேன். பாலம் தாண்டியதும் மறுபடி எழுதினேன். இறங்குவதற்குள் தாள் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது.

வகுப்பில் அந்த வரி வந்ததும் சிரிப்பு கிளம்பியது. "காதல் கவிதையில ஆண்டை எங்கம்மா வந்தாரு? தலைவான்னு போடு," என்றார் விரிவுரையாளர். பின்குறிப்பை வாசித்துக் காட்டினேன். அவர் பதில் சொல்லுமுன் முதல் பெஞ்சிலிருந்த நெல் மண்டிக்காரர் மகள் கேட்டாள்.

"ஏண்டி, உங்க வீட்ல இப்படித்தான் கூப்பிடுவீங்களா?"

அவள் பக்கம் திரும்பினேன்.

"கூப்பிட்டோம்," என்றேன். "எங்கப்பா நிறுத்திட்டாரு. இந்தக் கவிஞர் ஆசைப்பட்டுக் கூப்பிடுறாரு. அவருக்கு நிறுத்த வேண்டிய அவசியமே வரல."

விட்ட வரியிலிருந்து ஆரம்பித்தேன். அதன் முதல் சொல், ஆண்டே.