சொல்தா வீட்டுக் கேசட்டுகள்

எனக்கு அப்போது காதில் திமிர் ஏறியிருந்தது. இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டாயிரங்களின் முதல் பாதி. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் இயர்போனை மாட்டினால் தொழிற்சாலை கேட்டுக்குப் போய்த்தான் கழற்றுவேன். கையில் ஒரு எம்பி3 பிளேயர் இருந்தது. அதில் முப்பது பாட்டுக்கு மேல் கொள்ளாது. எந்தப் பாட்டை அழித்து எந்தப் பாட்டை ஏற்றுவது என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசிப்பேன். பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசினால் தலையை மட்டும் ஆட்டுவேன். அவர் சொன்னது அவர் பெண்ணின் கல்யாணமா, அம்மாவின் ஆபரேஷனா என்று எனக்குத் தெரியாது.

நூற்றிருபத்தெட்டு கிலோபிட் தரத்துக்குக் கீழே எதையும் கேட்கக் கூடாது என்பது அப்போது என் கொள்கை. அதைப்பற்றி இன்டர்நெட்டில் முகம் தெரியாத ஆட்களோடு மல்லுக்கு நிற்பேன். ஒருநாள் அப்பாவை உட்காரவைத்து, ஒரே பாட்டை இரண்டு தரத்தில் போட்டு, எது உசத்தி என்று கேட்டேன். "ரெண்டும் பாட்டுதான்டா" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க அவரிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் என்ன தப்பு என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை.

வீட்டில் ஒரு பழைய கேசட் டெக் இருந்தது. ஒரு பக்கம் முடிந்தால் தானே திரும்பி அடுத்த பக்கம் ஓடுகிற வகை. அதிலிருந்து ஒரு கேபிளைக் கம்ப்யூட்டரில் சொருகி, தெருவில் யார் கேசட் கொண்டுவந்தாலும் சிடியாக்கிக் கொடுப்பேன். கல்யாணப் பதிவு, கோயில் பாட்டு, பாதிரியாரின் பிரசங்கம் என்று எல்லாம் வரும். காசு வாங்க மாட்டேன், பாராட்டுதான் வேண்டும். தெருவில் யாராவது "அந்தப் பிள்ளகிட்ட குடு, சுத்தமா பண்ணித் தரும்" என்று சொல்வது காதில் விழுந்தால் அன்று ராத்திரி சாப்பாடு கூட ஒரு பிடி அதிகமாக இறங்கும்.

எங்கள் எதிர்வீடு சொல்தா வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் பண்ணினவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டு அத்தைக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். சொந்தமில்லை, சின்ன வயதிலிருந்து அத்தை என்று கூப்பிட்டுப் பழக்கம். அவர் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பிரான்ஸிலேயே ஒரு கம்பெனியில் காவல் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அத்தை ஒரே ஒரு குளிர்காலம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தார். "அந்த ஊர்ல சூரியனே லீவுல போயிடுதுப்பா" என்று சொல்லிவிட்டு, அப்புறம் போகவே இல்லை. மாமா பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவருக்குத் தமிழில் கையெழுத்தைத் தாண்டி எழுத வராது. அத்தைக்கோ தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. அதனால் அவர்களுக்குள் கடிதம் என்றால் கேசட்தான். அவர் அங்கே பேசிப் பதிவு செய்து அனுப்புவார். இவர் இங்கே பேசி அனுப்புவார். போன் மலிவான பிறகும் அந்த வழக்கத்தை இரண்டு பேரும் விடவில்லை.

அதற்கு முந்தின வருஷம் மாமா அங்கேயே நெஞ்சுவலியில் இறந்துபோனார். அவருடைய சாமான்கள் ஒரு அட்டைப்பெட்டியில் வந்தன. அதில் அத்தையின் பெயர் எழுதின கேசட் ஒன்று, தபாலில் போடாமல் இருந்தது.

அத்தை ஒரு பையில் பதினாலு கேசட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பதிமூன்று அவர் பலமுறை கேட்டது. பதினாலாவது அது. "இத மட்டும் நான் இன்னும் கேக்கல தம்பி" என்றார். "எங்கூட்டு டேப்ல போட்டா சிக்கிக்குது. ஏற்கெனவே ரெண்டு அறுந்துபோச்சு. இதுவும் அறுந்துட்டா அப்புறம் எனக்கு ஒண்ணும் இல்ல. நீ சிடில போட்டுக் குடு. அவருக்கு வருஷப் பூச முடிஞ்சதும் கேக்கறேன்."

நான் ஒரு காதில் இயர்போனோடு தலையை ஆட்டினேன்.

ஒவ்வொரு கேசட்டையும் டெக்கில் போட்டுவிட்டு, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, நான் என் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. பதினாலு கேசட்டில் ஒன்றைக்கூட நான் காதால் கேட்கவில்லை. திரையில் அலை மேலும் கீழும் போவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். பேச்சு வருகிற இடத்தில் அலை எழும்பும், நடுநடுவே கோடு தட்டையாகக் கிடக்கும். இப்படித் தட்டையாகக் கிடந்த இடங்கள் நிறைய இருந்தன. இந்த மனுஷன் ரொம்ப இழுத்துப் பேசுவார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சிடியில் அடங்காமல் கொஞ்சம் மிஞ்சியது. இரண்டாவது சிடி போட்டிருக்கலாம். தரத்தைக் குறைத்திருக்கலாம், பேச்சுக்கு அதில் பாதி போதும். ஆனால் எனக்கு ஒரே சிடியாகவும் இருக்க வேண்டும், என் கொள்கையும் கெடக் கூடாது. சாப்ட்வேரில் மௌனத்தை மட்டும் கண்டுபிடித்து வெட்டித் தள்ளுகிற ஒரு வசதி உண்டு. அதை அழுத்தினேன். பின்னாலிருந்த இரைச்சலையும் துடைத்தேன். அருமையாக அடங்கிவிட்டது. வெட்டாத பெரிய கோப்புகள் ஹார்ட் டிஸ்கை அடைத்துக்கொண்டிருந்ததால் அவற்றை அன்றைக்கே அழித்தேன்.

சிடியைக் கொடுக்கும்போது, "இந்தக் கேசட்டெல்லாம் இனிமே எதுக்கு அத்தே, எடத்த அடைக்கும்" என்றேன். கேசட்டுகள் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, குரோம் டேப். நம் கடைகளில் அப்போது தேடினாலும் கிடைக்காது. எனக்கு ரொம்ப நாளாக அவற்றின்மேல் கண். அத்தை பையின்மேல் கையை வைத்துக் கொஞ்சம் யோசித்தார். "சரி, உங்கிட்டயே இருக்கட்டும். எங்கூட்ல பூஞ்ச புடிக்குது, உங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்" என்றார். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னதை நான் எனக்குக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே என் டெக்கில் டேப்பை உரசிப் படிக்கிற ஹெட்டைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு நல்ல டேப்பில் ஒரே சீரான ஒலியை அரை மணி நேரம் பதிவு செய்வது என் முறை. ஊஊ என்று ஒரே ஸ்வரம். பதினாலில் தேய்மானம் இல்லாத டேப் எது என்று பார்த்தேன். பலமுறை ஓடின பதிமூன்றும் தேய்ந்திருந்தன. யாருமே கேட்காத அந்த ஒன்று புதுசு மாதிரி இருந்தது, அதிலும் ஒரு பக்கம்தான் பதிவாகியிருந்தது. அதை எடுத்தேன். சிடியில்தான் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து வருஷப் பூசை. அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் பாராட்டு வாங்குகிற ஆளாகத்தான் போனேன். டிவிடி பிளேயரில் சிடியைப் போட்டுக் கொடுத்தேன். முதல் கேசட்டின் குரல் வந்தது. "போன்ஜூர் மதாம், எப்படி இருக்க? அங்க மழ பேஞ்சுதா? அப்படியா, சரி சரி, கூர ஓட்ட மாத்தினியா இல்லியா? அதான் சொன்னேன்ல." இவ்வளவும் ஒரே மூச்சில். குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மாமா அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மறுபடி திறந்தார். மறுபடி போய்விட்டார். நாலாவது தடவை அத்தை வாயைத் திறக்கவில்லை.

"இவரு நிக்கவே மாட்டேங்கறாரே தம்பி" என்றார். "கேள்வி கேட்டா நான் பதில் சொல்றதுக்கு எடம் விடுவாரு. நான் சொல்லி முடிச்சதும் அப்படியான்னுவாரு. நானும் அவருக்கு அப்படித்தான் வுட்டுப் பேசி அனுப்புவேன். இங்க அந்த எடமே காணோமே."

அப்போதுதான் எனக்கு அந்தத் தட்டைக் கோடுகள் ஞாபகம் வந்தன. உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். "பழைய டேப்பு இல்லியா அத்தே, அந்த எடமெல்லாம் அழிஞ்சிருக்கும்" என்றேன். வாய் கூசவில்லை.

அத்தை நம்பினார். "போவட்டும், கடைசி கேசட்டப் போடு" என்றார்.

போட்டேன். மாமாவின் குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. வீட்டு விஷயங்கள், முட்டிவலி, யாரோ ஒரு சிநேகிதர் இறந்த சேதி. அப்புறம் இப்படி வந்தது: "கம்பெனியில இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு சொல்றாங்க. இருக்கட்டுமா, மூட்ட கட்டிக்கிட்டு வந்துடட்டுமா? நீ சொல்றதுதான். சரி, அப்ப அப்படியே செய்யறேன்."

அத்தை பிளேயரை நிறுத்தச் சொன்னார். என் பக்கம் திரும்பினார்.

"இதுல எவ்ளோ நேரம் வுட்டாருன்னு எனக்குத் தெரியணும் தம்பி. நான் சட்டுனு தலையாட்டற விஷயம்னா கொஞ்சந்தான் வுடுவாரு. நான் சண்ட போடுவேன்னு தெரிஞ்சா நெறய நேரம் வுடுவாரு, நான் கத்தி முடிக்கணும்ல. கொஞ்சம் வுட்டிருந்தா, நான் இருங்கன்னு சொன்னதா நெனச்சிருக்காரு. நெறய வுட்டிருந்தா, வந்துடுங்கன்னு கத்துனதா நெனச்சிருக்காரு. வர்றதா முடிவு பண்ணித்தான் செத்தாரா, இல்லியான்னு எனக்குத் தெரியணும். நீதான் மொதல்ல கேட்டவன். சொல்லு, எவ்ளோ நேரம் நின்னாரு?"

அவர் எந்தப் பதிலை விரும்புகிறார் என்பது முகத்தில் எழுதியிருந்தது. "ரொம்ப நேரம் நின்னாரு அத்தே" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பொய்க்குக் கொஞ்சம் மெருகு ஏற்றலாம் என்று தோன்றியது. "நடுவுல சிகரெட் பத்தவெக்கிற சத்தங்கூடக் கேட்டுச்சு."

"டாக்டர் சொல்லி அவரு சிகரெட்ட வுட்டு ரெண்டு வருஷம் ஆச்சுப்பா" என்றார் அத்தை.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுத் தரையில் ஒவ்வொரு ஓட்டிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ போட்டிருக்கும். அவற்றை எண்ணினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"நீ கேக்கவே இல்ல, இல்லியா?"

"இல்ல அத்தே." அப்புறம் வெட்டினதையும் சொன்னேன். கம்ப்யூட்டரே பண்ணிவிட்டது என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, நான்தான் பண்ணினேன் என்றேன்.

அத்தை கோபிக்கவில்லை. அவர் முகம் தெளிந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அத மொதல்லியே சொல்லியிருக்கலாம்ல. கேசட்டுங்க உங்கிட்ட பத்திரமாத்தான இருக்குது? எடுத்துட்டு வா, போட்டுக் கேட்டுக்கலாம்" என்றார்.

அந்தக் கடைசிக் கேசட்டில் இப்போது என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "எதுக்கு ஊஊன்னு ஒரு சத்தத்தப் பதிவு பண்ண?" என்று கேட்டார். ஹெட் நேராக இருக்கிறதா என்று பார்க்க என்றேன். அதைவிட அற்பமான வாக்கியம் ஒன்றை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். "போய் எடுத்துட்டு வா" என்றார் மறுபடி.

வீட்டுக்குப் போய் அந்தக் கேசட்டை டெக்கில் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஊஊ என்றது. வேகமாக ஓட்டவில்லை, எனக்கு அந்தத் தண்டனை வேண்டும் என்று இருந்தேன். அரை மணி ஆனதும் ஒலி நின்றது. நான் டெக்கை அணைத்த இடம் அது. கேசட்டுகளில் சொன்ன நேரத்துக்கு மேல் கொஞ்சம் டேப் சுற்றியிருப்பார்கள். அந்த மிச்சத்தில் மாமாவின் குரல் இல்லை. ஒரு அறை இருந்தது. தூரத்தில் ஒரு குழாய் சொட்டியது, நாற்காலி ஒன்று முனகியது. பேசி முடித்த பிறகும் நிறுத்தாமல் அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பதினோரு செகண்டில் டேப் தீர்ந்தது.

அப்பாவின் டூ-இன்-ஒன்னில் கேசட்டைப் போட்டு, அந்த இடத்தில் நிறுத்தி, தூக்கிக்கொண்டு போனேன். பதிமூன்று கேசட்டையும் பையில் எடுத்துக்கொண்டேன். இவ்வளவுதான் மிஞ்சினது என்று அத்தையிடம் சொன்னேன்.

அத்தை பட்டனை அழுத்திக் கேட்டார். டேப் நின்றது. கொஞ்சம் பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. மூன்றாவது முறை ஓட்டி வைத்துவிட்டு, பட்டன்மேல் விரலை வைத்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் வெளிய இரு தம்பி" என்றார். "நான் அவருக்குப் பதில் சொல்லணும்."

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.