ஐந்தாவது தோட்டா

நான் ஒரு நல்ல மனிதனைக் காட்டிக்கொடுத்தேன். பகையினால் அல்ல, அவனைப் பாராட்டி எழுதியதால்! அந்தப் பழி வேறொருத்தியின் மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மாலை மூன்று மணி நாற்பது நிமிடம். நான் முதலில் கண்டது, தேயிலைச் செடிகளின் மேல் கவிழ்ந்து கிடந்த என் அக்காவின் கூடை. அக்காவைக் காணவில்லை.

அது இலங்கையில் அவசரகாலச் சட்டம் அமுலில் இருந்த ஆண்டு. லிந்துலைக்குக் கீழே, எங்கள் தோட்டத்தை ஒட்டியிருந்த ரயில் பாலத்துக்குப் பட்டாளக் காவல் போட்டிருந்தார்கள். பகல் முழுவதும் ஒரே ஒரு சிப்பாய். பெயர் பியசேன. இருபத்திரண்டு வயதிருக்கும்; தென்பகுதிக் கடலோர ஊர். மலைக் குளிருக்குப் பழகாதவன். கம்பளிச் சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொண்டு நிற்பான்.

அவனுடைய துப்பாக்கி வெறுமையானது. ஐந்து தோட்டாக்கள் மட்டும் ஒரு காக்கித் துணிப்பையில் கொடுக்கப்பட்டிருந்தன. பையின் வாய் நூலால் தைக்கப்பட்டிருந்தது. அதிகாரியின் உத்தரவு இல்லாமல் தையலைப் பிரித்தால் குற்றம். காலையில் சார்ஜன்ட் வருவார். பையை அவிழ்க்க மாட்டார். துணியின் மேல் விரலால் தடவி, ஒன்று, இரண்டு... ஐந்து என்று எண்ணிவிட்டுப் போவார்.

தோட்டத்துப் பெண்கள் முதலில் அவனைக் கண்டு நடுங்கினார்கள். பை விஷயம் தெரிந்த பிறகு நடுக்கம் போய்விட்டது. அக்காவின் அடுத்த நிரையில் கொழுந்து பறிக்கும் ராக்கம்மாதான் ஆரம்பித்து வைத்தாள்.

"அஞ்சே அஞ்சு குண்டா? காலையில பேர் குடுக்க நாங்க பெரட்டுக்கு நூறு பேரு வாறோமே. மிச்சப் பேர என்னா செய்வீங்க?"

பியசேன யோசித்தான். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்: "மிச்சம் ஆள்... நாளைக்கு வாங்க."

அன்றைக்கு மலை முழுக்கச் சிரிப்பு. மறுநாளிலிருந்து அக்கா அவனுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுபோனாள். அவளை அவன் 'அக்கா' என்றே கூப்பிட்டான். என்னை 'மல்லி' என்பான். சிங்களத்தில் தம்பி என்று அர்த்தம். எனக்கு அவனைவிட மூன்று வயது கூட!

நான் லிந்துலைக் கடைவீதியில் ஒரு பாயின் துணிக்கடையில் வேலை செய்தேன். அதோடு, கொழும்பில் வெளியான ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு உள்ளூர் நிருபர். அன்று கடைக்கு அரை நாள் விடுமுறை. பாலத்தருகே வந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் கூடையைப் பார்த்தேன்.

அக்கா மழைநீர் ஓடும் வடிகானுக்குள் விழுந்து கிடந்தாள். வடிகானின் விளிம்பில் ஒரு காட்டுப்பன்றி. ஒருமுறை இடித்துத் தள்ளிவிட்டு, மறுபடியும் பாயத் தலையைத் தாழ்த்தி நின்றது. ராக்கம்மா கத்தினாள். நானோ... நின்றேன். ஆம், வெறுமனே நின்றேன்!

பியசேன பாலத்திலிருந்து ஓடிவந்தான். ஓடிக்கொண்டே பையின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். ஒரு வெடி. மண் சிதறியது. பன்றி காட்டுக்குள் பாய்ந்து மறைந்தது.

மேல் மலையில் பாறைக்கு வெடி வைக்கும் நாட்கள் அவை. கங்காணி அதுவென்று நினைத்துவிட்டார். நடந்தது எங்கள் நால்வருக்கு மட்டுமே தெரியும்.

அக்காவுக்கு முழங்காலில் காயம். அதைக்கூடப் பார்க்காமல் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெள்ளைத்தாளாய் வெளுத்திருந்தது. கையில் நான்கு தோட்டாக்களும், வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடும்.

"அக்கா... என் வேலை போச்சு."

"போகாது தம்பி. குடுங்க பைய."

அவனே ஒரு கொய்யாக் குச்சியைச் சீவி வெற்றுக்கூட்டின் வாயில் செருகினான். தோட்டாவின் மூக்குப்போலவே அமைந்துவிட்டது. நான் கடைக்குத் திரும்பி ஓடி, என்னிடமிருந்த சாவியால் திறந்து நூல் கொண்டுவந்தேன். காக்கி நூலில் நான்கு சாயல் உண்டு. சரியான சாயல் எது என்று எனக்குத் தெரியும். அக்கா பழைய துளைகளிலேயே ஊசியை விட்டுத் தைத்தாள். ராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

"அஞ்சு இருக்கு சாமி! சார்ஜன்ட் இல்ல, அவுங்கப்பன் வந்தாலும் அஞ்சுதான்."

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா என் கையைப் பிடித்தாள். "டேய், நீ பேப்பருக்கு எழுதுறவன். இத எழுதிப்புடாத."

"எழுத மாட்டேன்கா" என்றேன்.

மறுநாள் காலை சார்ஜன்ட் தடவினார். ஐந்து. அதற்கடுத்த நாளும் ஐந்து. பதினொரு நாட்கள் ஐந்தாகவே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அது பத்திரிகையில் வந்திருந்தது. ஆம்... நான்தான் எழுதினேன்.

ஏன்? பத்திரிகையில் எங்கு பார்த்தாலும் பயமே அச்சாகிக்கொண்டிருந்த நேரம் அது. இப்படியும் ஒரு சிப்பாய் இருக்கிறான் என்று நான்கு பேர் அறியட்டும் என்று எண்ணினேன். இது உண்மை. ஆனால் முழு உண்மையா? அப்படி ஒரு செய்தி வேறு எந்த நிருபரிடமும் இல்லை என்ற கர்வமும் எனக்கு இருந்தது.

பெயரை விட்டேன். ஊரை விட்டேன். தோட்டத்தை விட்டேன். 'மலைநாட்டில் ஒரு பாலம்' என்றுதான் எழுதினேன். ஆனால் கொய்யாக் குச்சியை விடவில்லை! அதை எடுத்துவிட்டால் செய்தியில் உயிர் இல்லை என்று பட்டது. இரண்டு முறை அந்த வரியை அடித்தேன். இரண்டு முறையும் மீண்டும் எழுதினேன்.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிறுதோறும் நான்தான் பத்திரிகையை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அந்த ஞாயிறு மூன்றாம் பக்கத்தை வாசிக்காமல் புரட்டினேன்.

புதன்கிழமை அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். வழியிலிருந்த எல்லாப் பாலங்களிலும் பைகளை வெட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். எங்கள் பாலம் மூன்றாவது. பையைக் கவிழ்த்ததும் கொய்யாக் குச்சி கூட்டிலிருந்து கழன்று தனியாக விழுந்தது.

யார் தைத்தது என்று கேட்டார்கள். நான் பாதையோரத்தில் நின்றிருந்தேன். அக்கா இருபது அடி தள்ளி, கூடையுடன்.

"நான்தான்" என்று பியசேன சிங்களத்தில் சொன்னான்.

அவனுக்குத் தைக்கத் தெரியாது. அவனுடைய சட்டைப் பொத்தானைக்கூட அக்காதான் தைத்துக் கொடுத்திருந்தாள். ஜீப்பில் ஏறும்போது அவன் அவள் இருந்த பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அவனுக்கு என்ன தண்டனை கிடைத்தது? தெரியாது. நிருபராக இருந்தும் நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயந்தேன்.

அன்று மாலை தண்ணீர்ப் பீலியருகே அக்கா ராக்கம்மாவின் குடத்தை எட்டி உதைத்தாள்.

"ஒன் ஓட்டவாய்தாண்டி அந்தப் புள்ளைய அழிச்சிருச்சு!"

"ஆத்தா மேல சத்தியமா நான் யாருகிட்டயும் மூச்சு விடல அக்கா..."

"அப்புறம் யாரு சொன்னா? எந்தம்பியா சொன்னான்?"

நான் ஐந்தடி தூரத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பீலி நீர் ஐஸ்போல இருந்தது. கழுவிய முகத்தையே மறுபடி மறுபடி கழுவினேன்...

நீங்கள் கேட்கலாம்: அப்போதாவது சொல்லியிருக்கலாமே? சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள், அக்கா அழுது ஓயட்டும் என்று நினைத்தேன். இப்படியே ஆறு வருடங்கள் போயின! ஒரே லயத்து வரிசை வீட்டில், நான்கு காம்பரா தள்ளி வாழ்ந்த இரண்டு பெண்கள். அந்த ஆறு வருடமும் அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ராக்கம்மாவின் மகள் பெரியவளானபோதும் அக்கா போகவில்லை.

பிறகு குடியுரிமை ஒப்பந்தப்படி ராக்கம்மாவின் குடும்பம் நிரந்தரமாக இந்தியாவுக்குப் புறப்பட்டது. புறப்படுவதற்கு முதல் நாள் அவள் கடைக்கு வந்து ஒரு சேலை எடுத்தாள். நான் அதை மடித்துக் கொடுத்தேன்.

"தம்பி, நான் சொல்லலேன்னு அக்காகிட்ட நீங்களாவது சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பும்."

"சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்குப் போய், "ராக்கம்மா நாளைக்குப் போறா" என்று மட்டும் சொன்னேன். அக்கா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலை தலவாக்கலை ஸ்டேஷனுக்கு வழியனுப்ப லயத்திலிருந்து பதினாறு பேர் போனார்கள். அக்கா மலைக்குப் போனாள். அன்று அவள் நாற்பத்திரண்டு இறாத்தல் கொழுந்து பறித்தாள்; என்றையும்விட அதிகம்.