முதல் வரியிலை ஆபத்து

நெட்டைப் பெடியங்களைத் தெரிவு செய்யிறது, தெரிஞ்சுகொண்டே பாழுங்கிணத்திலை இறங்கிற வேலை. ஆள் எடுக்கிற கந்தோர்களிலை உத்தியோகம் பாக்கிற நீங்கள் எல்லாரும் என்ரை கட்சிதான், உங்களுக்கு இது விளங்கும்.

நான் கடலுக்கு இஞ்சாலை மல்கிரேவிலை இருந்து அமெரிக்க பாஸ்கெட்போல் கிளப் ஒண்டுக்கு ஆள் பாக்கிறனான். வருஷத்துக்கு ஒருநாள் டிராஃப்ட் வரும். கிளப்புகள் முறை வைச்சு ஒவ்வொரு பெடியனா எடுக்கும். பன்னிரண்டு வருஷத்திலை நான் சொன்ன ஒரேயொருத்தனைத்தான் எடுத்தவை. இன்னுமொருத்தனை எடுக்கமாட்டினமோ எண்ட ஏக்கத்திலையே காலம் போகுது.

எடுத்த ஒருத்தன்

ஏழடி. லேசா எம்பியே பந்தை வளையத்துக்குள்ளை வைச்சிட்டு வருவான். முழங்கால் கொஞ்சம் பிழை எண்டு அறிக்கையின்ரை மூண்டாம் பக்கத்திலை எழுதினனான். ஆறாவது மட்சிலை முழங்கால் போயிட்டுது, அவன்ரை விளையாட்டும் முடிஞ்சுது.

கிளப் முதலாளி வீடியோவிலை வந்து கத்தினார். "மூண்டாம் பக்கம் வரைக்கும் ஆர் வாசிக்கிறது? இனி ஆபத்தை முதல் வரியிலை எழுது!"

படியிறங்கிறவன்

பிறகுதான் இவானைக் கண்டனான். கிளேட்டனிலை ஒரு பயிற்சி மண்டபம். பத்தொன்பது வயது, ஏழடிக்கு ஒரு அங்குலம் குறைவு. அந்த உயரத்திலை அப்பிடியொரு பந்துக் கை! ஐயோ, இவன் எங்களுக்குக் கிடைக்கவேணும் எண்டு மனம் கிடந்து அடிச்சுது.

நெட்டையங்களை நான் விளையாடேக்கை மட்டும் பாக்கிறேல்லை, படியிறங்கேக்கையும் பாக்கிறனான். இவான் கம்பியைப் பிடிச்சு, பக்கவாட்டிலை ஒவ்வொரு படியா இறங்கினான். இடது பாதம் நோகுதோ எண்டு கேட்டன்.

"கோர்ட்டிலை படி இல்லைத்தானே, மேட்!" எண்டு சிரிச்சான்.

குசினி மேசை

அறிக்கையை வீட்டிலை குசினி மேசையிலை வைச்சு எழுதினனான். முதல் வரி: 'இடது பாதம் தாங்காது.' பிறகு ஐஞ்சு பக்கம் புகழ்ச்சி. அந்த வரியைக் கீழை இறக்குவமோ எண்டு பத்துத்தரம் யோசிச்சன். முதலாளியின்ரை கத்தல் காதுக்குள்ளை கேட்டுது, இறக்கேல்லை.

மனிசி எட்டிப் பாத்தா. "என்னைப் பொம்பிளை பாக்க வரேக்கை தரகர் இப்பிடி எழுதிக் குடுத்திருந்தா, உங்கடை அம்மா கேற்றோடை திரும்பியிருப்பா."

எங்கடை முறை

டிராஃப்ட் அங்கை இரவு, எங்களுக்குக் காலமை. எடுபடுற பெடியனுக்குப் போடுற கிளப் தொப்பி ஒண்டை இவானுக்கெண்டு முதலே வாங்கி வைச்சிருந்தனான். எங்கடை முறை வருமட்டும் அவனை ஒருத்தரும் எடுக்கேல்லை. தேத்தண்ணி ஆறுது. எங்கடை ஆக்கள் ஒரு கட்டையனைக் கூப்பிட்டினம். அடுத்த கிளப் இவானைக் கூப்பிட்டுது. அவன் குனிஞ்சு வேறை தொப்பி போட்டதை என்னாலை பாக்க முடியேல்லை.

முதலாளிக்குப் போன் அடிச்சன். "நீ எழுதின முதல் வரியைத்தான் நம்பினம். இப்ப என்னத்துக்கு அழுகிறாய்?"

திரும்பி வந்தவன்

ரெண்டு வருஷமா இவான் ஒரு மட்சும் விடேல்லை. ஒவ்வொண்டையும் நான் பாத்தனான். அவன் பந்து போடேக்கை சந்தோஷமும் வரும், எங்கடை சட்டையோடை இல்லையே எண்டு துக்கமும் வரும். தொப்பி இன்னும் அலுமாரிக்குள்ளைதான்.

போன மாசம் லீவிலை வந்தவனை அதே மண்டபத்திலை கண்டு, முதல் வரியைப் பற்றி உள்ளதைச் சொன்னன். அவன் பந்தை ஒருக்காத் தட்டிப்போட்டுக் கேட்டான்.

"பாதம் இப்பவும் நோகுது, நீ எழுதினது சரிதான். ஆனா என்னை எடுக்கச் சொன்னியோ, இல்லையோ?"

எடுக்கச் சொல்லித்தான் எழுதினனான், ஐஞ்சாம் பக்கத்திலை.