வேலி ஓட்டையில் ஆள் எண்ணியவன்

எங்கள் தெருவில் என்னைக் 'குண்டுக்காரர்' என்பார்கள். நான் குண்டைத் தொட்டதே கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பலூனை உடைத்தால்கூட என் கையிலிருக்கும் காபி சிந்திவிடும். ராணுவம் சுட்டுப் பழகிக் காலி செய்துவிட்டுப் போன பழைய சுடுதளங்களில் வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளால் ஊர் மக்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று மதிப்பெண் போடுவதுதான் என் வேலை.

மண்ணுக்குள் என்ன கிடக்கலாம், எவ்வளவு ஆழத்தில், அந்த இடத்தில் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று பார்த்து மூன்றையும் பெருக்குவோம். மதிப்பெண் அதிகம் வாங்கிய இடத்தை முதலில் தோண்டிச் சுத்தம் செய்வார்கள். இந்தப் பெருக்கலுக்காக நான் எத்தனை வருடம் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி அப்படியொரு சுடுதளம். கம்பி வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. யாராவது போகிறார்களா என்று எண்ணுவதற்காக அலுவலக வண்டியை ஓட்டைக்கு எதிரேயே நிறுத்தினேன். விதிப்படி பளபளக்கும் மஞ்சள் சட்டையும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்தேன். பொழுது சாயும்வரை ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நடமாட்டம் பூஜ்ஜியம் என்று எழுதினேன். பூஜ்ஜியத்தால் எதைப் பெருக்கினாலும் என்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த இடம் வரிசையில் கடைசிக்குப் போனது. 'ஆபத்து மிகக் குறைவு' என்று வேலியில் பலகையும் மாட்டினார்கள்.

பலகை மாட்டிய அன்று சாப்பிடும்போது இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் துணி ஆலையில் தையல் வேலை பார்க்கிறாள்.

"ஏங்க, மஞ்சச் சட்டையப் போட்டுக்கிட்டு போலீஸ் மாதிரி உக்காந்திருந்தா யாருங்க வருவாங்க? நானே உங்களப் பார்த்துட்டு அன்னிக்கு மெயின் ரோடு வழியா சுத்திப் போனேன்."

"நீயா?"

"நான் மட்டுமா? இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க எல்லாருமே தினமும் அந்த ஓட்டை வழியாத்தான் போறோம். சுத்திப் போனா நேரமாகி ஆலையில கேட்டைச் சாத்திடுவாங்க."

தட்டைத் தள்ளிவைத்தேன். ஊரார் உயிருக்கெல்லாம் மதிப்பெண் போடுகிற மேதாவிக்குச் சொந்த மனைவி எந்த வழியாக வேலைக்குப் போகிறாள் என்று தெரியவில்லை. உடனே மேலதிகாரியைப் போனில் பிடித்து, என் கணக்கு தப்பு என்றேன்.

"திருத்திக் குடுங்க. ஆனா தோண்டுற ஆளுங்க வர ஒரு வாரம் ஆகும்" என்றார்.

மறுநாள் காலை மஞ்சள் சட்டை இல்லாமல் ஓட்டைக்கு முன்னால் போய் நின்றேன். பெண்கள் கும்பலாக வந்தார்கள், என் மனைவியும்தான்.

"உள்ள போகாதீங்க, குண்டு இருக்கலாம்" என்றேன்.

"ஆபத்து இல்லைன்னு பலகை போட்டிருக்கே? எந்த மகராசன் எழுதினது?" என்று கேட்டாள் ஒரு வயதான அக்கா.

"நான்தான்."

அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த அக்கா குனிந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். படித்த படிப்பையெல்லாம் விட்டுவிட்டுக் கத்தினேன்.

"வேணாங்க்கா! என் பொண்டாட்டியும் இதே வழியாத்தான் போறா. நான் தப்பா எழுதித் தொலைச்சுட்டேன். எனக்குப் பயமா இருக்குக்கா!"

சொல்லும்போதே அழுதுவிட்டேன். நடுத்தெருவில், இவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு.

அக்கா காலை வெளியே எடுத்தாள். "சரி சரி, அழாத தம்பி" என்றாள். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே அவள் பின்னால் போனார்கள். அந்த வாரம் முழுவதும் ஆலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார்கள்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். பெண்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையின் நடுவிலிருந்தே ஒரு குண்டை எடுத்தார்கள்.

"எவ்வளவு ஆழத்துல இருந்துச்சு?" என்று மனைவி கேட்டாள்.

விரல்களை விரித்து ஒரு சாண் காட்டினேன். அவ்வளவுகூட இல்லை என்பதால் கொஞ்சம் மடக்கினேன். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவே இல்லை.