அடுப்பு மூட்டாத விருந்தாளி

போன மாதம் பன்னிரண்டு நாள் நான் ஒரு பூனைக்குக் காவல் இருந்தேன்.

பூனையின் பெயர் சம்பால். ஆரஞ்சு நிறம், பதினான்கு வயது, சிறுநீரகக் கோளாறு. காலையிலும் மாலையிலும் மாத்திரை. கூண்டில் போட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோனால் சாப்பிடாமல் சுருண்டுவிடுமாம். அதனால் அது இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும்.

சம்பாலின் சொந்தக்காரர் கதீஜா அக்கா. என் முதல் வேலையில் பக்கத்து மேசைக்காரர். நான் கல்யாணமாகி, குழந்தை பெற்று, வேலையை விட்டு வீட்டோடு ஆன பிறகு எல்லோரும் மெல்ல மெல்ல அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். விடாமல் போன் செய்த ஒரே ஆள் அக்காதான். "சாப்பிட்டியா, தூங்குனியா, அழுதியா" என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றாவது கேள்வியை வேறு யாரும் கேட்டதில்லை.

அக்காவும் அவர் கணவரும் உம்ரா யாத்திரைக்குப் போக வேண்டியிருந்தது. என் கணவருக்கோ அதே சமயம் வெளிநாட்டு வேலை. மகள் யாழினியின் பாலர் பள்ளி ஃபேரர் பார்க்கில், அக்கா வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். "நான் வந்து தங்கிக்கிறேன்க்கா" என்று நானாகத்தான் சொன்னேன்.

சாவி வாங்கப் போன அன்று வீட்டைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். ஃபிரிட்ஜின் மேல் தட்டு முழுவதும் காலி செய்து, துடைத்து, தக்காளி, தயிர், பனீர், தேக்கா சந்தையில் வாங்கிய இட்லி மாவு என்று அடுக்கியிருந்தார். 'சுபா மட்டும்' என்று ஒரு சீட்டு வேறு. எங்கள் இருவருக்கும் புது விரிப்புப் போட்ட மெத்தை. யாழினிக்காக யாரிடமோ கேட்டு வாங்கி வைத்த உயர நாற்காலி. அடுப்பின் மேல் ஒரு வாணலி, ஒரு பாத்திரம், இரண்டு கரண்டி... எல்லாம் புத்தம் புதிது.

"கறி ஆக்குன சட்டின்னா உனக்கு ஒரு மாதிரி இருக்கும்ல? நீ சைவம். அதான் புதுசா வாங்கிட்டேன். லேபிள்கூட பிரிக்கல, பாரு."

"எதுக்குக்கா இவ்ளோ சிரமம்?"

"சும்மா இரு லா. என் வீட்டுல நீ ஆக்கிச் சாப்பிடணும். அவ்ளோதான்."

பூனை பார்க்க வருகிறவளுக்கு இதைவிட ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? சொல்லுங்கள்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் மாலை சோறு வைக்கலாம் என்று எழுந்தேன். யாழினிக்கு ஒரு சொட்டு சோயா சாஸ் இல்லாமல் சோறு இறங்காது. என் பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஹலால் முத்திரை இல்லை.

கை அப்படியே நின்றுவிட்டது. இதை இங்கே திறக்கலாமா? கரண்டியில் பட்டு, கரண்டி தொட்டியில் பட்டு, அக்காவின் சமையலறையே கெட்டுப்போனால்? நான் கொண்டுவந்த மற்ற பொட்டலங்களில் என்னென்ன இருக்கிறதோ? இணையத்தில் தேடினேன்; ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்காவிடமே கேட்கலாம். ஆனால் தொழுகைக்காக அவ்வளவு தூரம் போயிருப்பவரிடம் சோயா சாஸைப் பற்றியா கேட்பது?

எதற்கு வம்பு? அடுப்பையே தொட வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஒன்றைத் தொடாமல் விட்டால் அடுத்ததையும் தொடாமல் விடுவது சுலபமாகிவிடுகிறது. யாழினி சில நாள் படுக்கையை நனைத்துவிடுவாள். எனவே மெத்தை வேண்டாம், வரவேற்பறையில் பாய் போதும். மேசை விரிப்பு வெள்ளை. எனவே தரையில் செய்தித்தாள் விரித்துச் சாப்பாடு. அதுவும் தினமும் தேக்காவில் வாங்கிவந்த தோசை, சப்பாத்தி. அக்கா தினமும் "சாப்பிட்டியா?" என்று கேட்டு அனுப்புவார். "சாப்பிட்டாச்சுக்கா" என்று சம்பாலின் படத்தோடு பதில் போடுவேன். பொய் இல்லைதானே?

அக்கா திரும்பி வந்தார். பெட்டியைக்கூட வைக்காமல் சம்பாலைத் தூக்கிக்கொண்டார். "எடை ஏறியிருக்கு! என் தங்கத்த எப்படிப் பாத்துருக்க!" என்று என்னையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். பரீட்சையில் பாஸாகிவிட்ட நிம்மதி எனக்கு.

தேநீர் போட சமையலறைக்குள் போனார். லேபிள் பிரிக்காத வாணலியை எடுத்துப் பார்த்தார்.

"சுபா... அடுப்பே பத்த வைக்கலயா?"

"இல்லக்கா. வெளியிலேயே வாங்கிக்கிட்டோம்."

"பன்னெண்டு நாளுமா கடையில தபாவ்?"

ஃபிரிட்ஜைத் திறந்தார். தக்காளி சுருங்கியிருந்தது. மாவு புளித்துப் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அறைக்குள் எட்டிப் பார்த்தார். விரிப்பில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"எங்க சட்டியில சாப்பிடத் தயங்குவியேன்னுதான் புதுசு வாங்குனேன்" என்றார் மெதுவாக. "புதுசும் ஆகலயாம்மா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா!"

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, கொண்டுவந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து யாழினியிடம் நீட்டினார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஆன்ட்டி வீட்டுல எதையும் தொடக்கூடாது. அம்மா சொன்னாங்க."

நான்கு வயதுக் குழந்தையோடு இன்னொருவர் வீட்டில் தங்குகிற எந்த அம்மாதான் அதைச் சொல்லமாட்டாள்? ஆனால் அந்த நிமிடத்தில், அந்தச் சமையலறையில், அது வேறு ஒன்றாக ஒலித்தது.

சோயா சாஸ் கதையைச் சொன்னேன். ஹலால் முத்திரையைச் சொன்னேன். பாயை, படுக்கையை, வெள்ளை விரிப்பை, எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனையும் உண்மை. சொல்லச் சொல்ல எனக்கே சாக்குப்போக்காகக் கேட்டது.

"ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே" என்றார்.

"உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..."

"தொந்தரவு" என்று அந்தச் சொல்லை மட்டும் ஒருமுறை திருப்பிச் சொன்னார். பிறகு எனக்கு நன்றி சொன்னார். இத்தனை வருடத்தில் அக்கா எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியாளுக்குத்தானே நன்றி சொல்வோம்?

என் கை பட்டு அவர் அடுப்பு கெட்டுவிடுமோ என்று நான் பயந்தேன். அவர் அடுப்பில் என் கை பட்டுவிடக் கூடாது என்று நான் ஒதுங்கியதாக அவர் நினைத்தார். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. எது என்று நான் எப்படி நிரூபிப்பேன்? அவர் வாழ்க்கையில் இதற்கு முன் யார் யார் வீட்டுக்கு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்களோ... அந்த வரிசையில் நானும் போய் நின்றுவிட்டேன்.

நல்ல விருந்தாளி என்றால் வந்த தடமே தெரியாமல் இருந்துவிட்டுப் போவது என்று நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், தடம் தெரியாமல் வந்துபோவது திருடனுடைய வேலை! வந்து தங்குங்கள் என்று மனசாரக் கூப்பிட்டவர், நாம் இருந்துவிட்டுப் போனதற்கு ஒரு மஞ்சள் கறையையாவது தேடமாட்டாரா? விருந்தாளியைக் கவனிக்க வீட்டில் நமக்கு ஆயிரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கவனிப்பை வாங்கிக்கொள்ள யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அன்று மாலையே நீளமாக ஒரு செய்தி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி அனுப்பினேன். "பரவால்லமா" என்று பதில் வந்தது. கூடவே ஒரு கட்டைவிரல் எமோஜி. மறுவாரம் போன் செய்து, "உங்க வீட்டுல வந்து ஒரு நாள் சமைக்கிறேன்க்கா, நாம எல்லாரும் சாப்பிடலாம்" என்றேன். "இன்னொரு நாள் பாப்போம்மா" என்றார். கோபமே இல்லாத குரல். கோபப்பட்டிருந்தால் சமாதானமாவது செய்திருப்பேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி நானே அழைத்தேன். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போகிறார்களாம்.

"அப்ப சம்பாலை நான் வந்து..."

"இல்லம்மா, உனக்கு எதுக்குச் சிரமம். ஆன்லைன்ல ஆள் பாத்தாச்சு. ஆஸ்பத்திரியில வேலை பாக்குற பொண்ணு."

"நல்லா பாத்துக்குமாக்கா?"

"பாத்துக்கும்னுதான் தோணுது. 'கிச்சன் யூஸ் பண்ணலாமா ஆன்ட்டி'ன்னு அதுவே முதல்ல கேட்டுச்சு" என்று சொல்லிச் சிரித்தார் அக்கா.

அந்தப் பெண் நன்றாகச் சாப்பிடுகிறவளாக இருக்கட்டும்.